தேவதாரு எண்ணெயும் சகலையின் தலையும்

சகலையின் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருப்பதை முதலில் பார்த்தவர் மாஸ்டர்தான். சகலையின் மனைவியைக் கணக்கில் சேர்க்காவிட்டால். அந்தத் தலையை மாஸ்டர் அளவுக்கு உன்னிப்பாகக் கவனித்துவந்தவர் அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர் வீட்டுக்கும் வந்து, மனைவியின் உறவுக்காரர்கள் வாயிலும் நிலைத்துவிட்டது. மூத்த மாப்பிள்ளை வேறு. மாமனார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் சரி, யாருக்காவது வாடகைக்கு வீடு பார்ப்பதானாலும் சரி, "மாஸ்டரைக் கேளுங்க" என்பதே வழக்கமாக இருந்தது. கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆகும்வரைக்கும்.

சகலை லாண்டரிக் கடை வைத்திருந்தார். கம்பளிக் கோட்டுகளையும் கனமான திரைச்சீலைகளையும் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை. ஆள் சத்தம் போட்டுப் பேசமாட்டார். கேட்ட உதவியைச் செய்வார். கேட்காத உதவியையும் செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருப்பார். இது ஒன்று போதாதா ஒருவரைப் பிடிக்காமல் போக? போதாக்குறைக்குத் தலை நிறைய முடி. மாஸ்டருக்கோ முப்பது வயதுக்கு முன்பே நெற்றி உச்சியை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது. இடது காதோரத்து முடியை நீளமாக வளர்த்து, வலப்பக்கம்வரை இழுத்துப் படியவைத்திருப்பார். கார் ஜன்னல் திறந்திருந்தால் அதைக் கையால் அமுக்கிக்கொள்ள வேண்டும். "ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும்" என்று அவர் பாடம் சொல்லும்போதே அவருடைய ஒரு கை தலைமேல் இருக்கும்.

போன வருஷம் சகலையின் முடியில் ஓட்டை விழுந்தது. புழுவெட்டு. பின்னந்தலையில் காசளவு வட்டம் ஒன்று, பிறகு காதுக்கு மேலே இன்னொன்று, அப்புறம் உச்சியில். மாஸ்டர் வருத்தப்பட்டார், அது பொய்யில்லை. ஆனால் வருத்தத்துக்கு அடியில் எங்கேயோ குளுகுளுவென்று இருந்ததும் பொய்யில்லை. நமக்காவது முன்னால் மட்டும்தான் போச்சு, இந்த மனுஷனுக்கு மேப்பில் ஏரி வரைந்த மாதிரி அங்கங்கே போயிருக்கே என்று நினைத்துக்கொள்வார்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த சகலை வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றியபோது, வட்டத்துக்குள் பூனைமயிர் மாதிரி கருகருவென்று ஏதோ தெரிந்தது. கூடவே ஒரு வாசனை. பென்சில் சீவின சீவலை முகர்ந்த மாதிரி.

மாஸ்டரின் மனைவிக்கு மூக்கு கூர்மை. என்ன வாசனை என்று கேட்டாள். தங்கைக்காரி உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாள். தேவதாரு மரத்திலிருந்து வடித்து எடுக்கிற எண்ணெயாம். முதலில் கடையில் கோட்டுகளைப் பூச்சி அரிக்காமலிருக்கத்தான் வாங்கினார்களாம். பஞ்சில் நனைத்து அலமாரி மூலையில் வைத்தால் அந்துப்பூச்சி கிட்டவே வராதாம். அப்புறம் தலையணை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் மனசு அடங்கித் தூக்கம் வருகிறதாம். பொடுகு போகிறதாம். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ரெண்டு மூணு சொட்டு கலந்து புழுவெட்டு மேல் தினமும் தேய்த்துவிட்டாளாம். இப்போது பாரு அக்கா என்று புருஷனின் தலையைப் பிடித்துத் திருப்பியே காட்டிவிட்டாள். சகலை கூச்சத்தோடு குனிந்துகொண்டார்.

"ஏங்க, நீங்களும் போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"எனக்கென்ன குறைச்சல்?" என்றார் மாஸ்டர்.

எல்லோரும் அவர் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மரியாதையாகத் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரமே ஒரு சின்ன பாட்டில் தங்கை வீட்டிலிருந்து வந்துவிட்டது. மனைவி கண் மருத்துவமனை ஒன்றில் ரிசப்ஷனில் இருப்பவள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. தலையணையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். படுத்தவுடன் தூங்கிவிட்டாள். மாஸ்டர்தான் பக்கத்தில் புரண்டுகொண்டிருந்தார். கண்ணை மூடினால் சகலை கட்டிலுக்கு அருகில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. மறுநாள் அலமாரியைத் திறந்தால் சட்டைகளுக்கு நடுவே பஞ்சு. சட்டையைப் போட்டால் சகலை வாசனை. காரில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூட ஞாபகம் வருது மாஸ்டர் என்றாள். வீட்டில் மனைவி எதற்கெடுத்தாலும் "தம்பி சொன்னாரு" என்று தங்கை புருஷனை இழுக்க வேறு தொடங்கிவிட்டாள். ஷூவில் நாற்றம் வந்தால் தம்பி ஒரு வழி சொன்னாரு. குளியலறை ஈரவாடைக்குத் தம்பி ஒரு வழி சொன்னாரு. என் வீட்டுக் குளியலறை ஈரத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும் என்று மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் சகலையின் வட்டங்கள் மூடிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு ஞாயிறும் மாஸ்டர் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேயேதான் போனது.

ஒரு நாள் காலை, மனைவி வேலைக்குப் போனபிறகு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலைத் திறந்தார். ரெண்டு மூணு சொட்டு என்று கொழுந்தியாள் சொன்னது காதில் விழாமல் இல்லை. அது கஞ்சத்தனம் என்று அவர் அப்போதே முடிவு கட்டியிருந்தார். தேங்காய் எண்ணெயெல்லாம் கலக்காமல், அப்படியே உள்ளங்கையில் ஊற்றி முன்மண்டையில் அரக்கித் தேய்த்தார். இன்னொரு தடவை ஊற்றினார். சகலைக்கு மாதக்கணக்கில் வந்ததை வாரக்கணக்கில் வரவழைத்துக் காட்ட வேண்டும். தேய்த்த கையோடு வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு மழை. ஜன்னலை ஏற்றிவிட்டிருந்தார்கள். ஓட்டியது ஒரு நர்ஸம்மா. பின்பக்கமாக வண்டி எடுக்க அவருக்கு இன்னும் வரவில்லை. பாதி தெரு போவதற்குள் மாஸ்டருக்குத் தலை கதகதவென்றது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார். கதகதப்பு சூடானது, சூடு எரிச்சலானது, மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி ஆனது. கண்ணில் தண்ணீர் முட்டியது. தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். அதுவரைக்கும் வயிற்றெரிச்சலாக இருந்தது தலையெரிச்சலாக மாறிவிட்டது.

நர்ஸம்மா திரும்பிப் பார்த்து, என்ன போட்டீங்க, எவ்வளவு போட்டீங்க என்று கேட்டார். கேட்டுவிட்டு, இந்த மாதிரி வாசனை எண்ணெயை நேராகத் தோலில் போடவே கூடாது, தண்ணீர் ஊற்றினால் போகாது, சாதா எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அப்புறம் டாக்டரைப் பாருங்கள் என்றார். புதிதாக எதைப் போட்டாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பின்பக்கம் வண்டி எடுக்கத் தெரியாதவரிடம் பாடம் கேட்டுக்கொண்டு மாஸ்டர் வீடு திரும்பினார்.

முன்மண்டை சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். மனைவியிடம் வெயில் அலர்ஜி என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மழைக்காலத்தில் என்ன வெயில் என்று அவள் கேட்டதற்குத் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். எரிய எரிய ஒரே எண்ணம்தான்: சகலை ஏதோ முறையை மறைத்துவிட்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே லாண்டரிக்குப் போனார்.

சகலை கம்பியில் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார். கடை முழுக்க அதே வாசனை.

"நல்லா இருக்கு சகலை" என்றார் மாஸ்டர். "நீங்க வளர்த்துக்குவீங்க. எங்களுக்கு முறையைச் சொல்லாம வெறும் பாட்டிலை மட்டும் குடுத்தனுப்புவீங்க."

சகலை ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு தொப்பியைப் பார்த்தார். கழற்றச் சொன்னார். மாஸ்டர் கழற்றமாட்டேன் என்று நின்றார். கோபத்தில் வந்தவர், கழற்றிக் காட்டாமல் எதை வைத்துச் சண்டை போடுவது? கழற்றினார்.

"ஐயோ. எதுலயும் கலக்காமலா போட்டீங்க?"

சகலை கேலியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை சுலபமாக இருந்திருக்கும். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தலையில் மெல்ல ஒற்றினார். ஒற்றிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு அந்த எண்ணெயாலதான் முளைச்சுதான்னு எனக்கே தெரியாது சகலை. புழுவெட்டு பாதிப் பேருக்குத் தானாவே சரியாயிடும்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. உங்களுக்கு இருக்கிறது வேற. அது எந்த எண்ணெய்க்கும் மசியாது."

"அப்புறம் எதுக்குத் தினமும் தேய்ச்சுக்கிட்டீங்க?"

சகலை துணியை மறுபடி நனைத்தார். பிறகு, போன வருஷம் நடந்ததைச் சொன்னார். கொழுந்தியாள் உண்டாகியிருந்தாள். முதலில் தங்கியது ஒன்று கலைந்துபோயிருந்ததால், இந்தத் தடவை நன்றாகத் தெரிகிறவரைக்கும் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தார்கள்; ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாக்குச் சொல்லி அவர் மட்டும் வந்துபோனார். ஐந்தாம் மாசம் வயிற்றிலேயே குழந்தை போய்விட்டது. சந்தோஷத்தைச் சொல்லாதவர்கள் துக்கத்தை எப்படிச் சொல்வது? அவள் வாயை மூடிக்கொண்டாள். கடைக்கு வருவாள், துணியை மடிப்பாள், வீட்டுக்குப் போவாள். அவருக்கு முடி கொட்டத் தொடங்கியது.

"ஒரு நாள் சாயங்காலம் பின்னாடி வந்து நின்னா. தலையில இருந்த வட்டத்தை விரலால தொட்டுப் பார்த்தா. அத்தனை மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அவ என்னைத் தொட்டா. கோட்டு அலமாரிக்கு வாங்கின எண்ணெய் பக்கத்துல இருந்துச்சு. அதைக் கலந்து தேய்ச்சுவிட்டா. அப்படியே பேச ஆரம்பிச்சா. தினமும் கடை சாத்தினதும் நான் கீழ உட்காருவேன், அவ இந்த ஸ்டூல்ல." சகலை மாஸ்டரின் தலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முடி வந்தா என்ன, வராட்டி என்ன சகலை. முழுசா வந்துட்டா தேய்க்கிறதை நிறுத்திடுவாளோன்னுதான் பயமா இருக்கு."

இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம், அவளாகவே ஒரு நாள் சொல்வாள் என்று கேட்டுக்கொண்டார். மாஸ்டர் சரி என்றார்.

திரும்பி வரும்போது அவருக்கு அவமானமாக இருந்தது. ஆனால் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இன்னும் ஆழமாக இறங்கியிருந்தது. இவ்வளவு நாள் முடியைப் பார்த்து எரிந்தவர், இப்போது சாயங்காலம் சாத்திய கடைக்குள் ஒருத்தி ஒருத்தன் தலையில் விரலை வைத்துக்கொண்டு பேசுவதை நினைத்து எரிந்தார். தன் தலையை முடிவெட்டுகிறவரைத் தவிர யார் தொட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகத்துக்கு வரவில்லை.

சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஆனால் வீட்டில் மாற்றம் தெரிந்துவிட்டது. சகலையைக் குத்திப் பேசுவது நின்றுபோனது. போகிற வழியில் லாண்டரிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அப்படி என்ன ரெண்டு பேருக்கும் குசுகுசுப் பேச்சு என்று மனைவி துருவினாள். அவர் சும்மா என்றார். சும்மா என்கிற பதிலைப்போல ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் தருவது வேறில்லை.

சில வாரம் கழித்து தங்கைக்காரி தானே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மனைவி முகம் வீங்கிப்போய் வீட்டுக்கு வந்தாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றார். சாப்பாடு மேசைக்கு வந்தது; வார்த்தை வரவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் வெடித்தாள்.

"என் கூடப் பிறந்தவ. அவ வயித்துல நடந்தது எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுது. நான் யாரோவா?"

அந்தக் குரல் மாஸ்டருக்கு நன்றாகப் பழக்கமானது. இத்தனை மாதமாக அவருக்குள் உட்கார்ந்து பேசிய குரல்தான். அதனால் அவர் எதிர்வாதம் செய்யவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, வெயில் அலர்ஜி இல்லை என்பதிலிருந்து தொடங்கி, பாட்டிலைக் கவிழ்த்தது, நர்ஸம்மா, லாண்டரிக்குச் சண்டை போடப் போனது எல்லாம் சொன்னார். அவள் அழுதுகொண்டே கேட்டாள். உள்ளங்கையில் ஊற்றிய இடம் வந்ததும் அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு முடிக்காகவா இவ்வளவு?"

"முதல்ல முடிக்காகத்தான்" என்றார் மாஸ்டர். "அப்புறம் இல்ல. அவருக்குத் தினமும் அவ தேய்ச்சுவிடறா."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கேட்டிருந்தால் தேய்த்துவிடமாட்டேனா என்றாள். அதை எப்படிக் கேட்பது என்றார் அவர். எனக்கு ஷிப்ட் முடிந்து வந்தால் கால் வலிக்கிறதே, நான் மட்டும் கேட்டேனா என்றாள் அவள்.

புண் ஆற நாளானது. ஆறியபிறகு மனைவி ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டே சொட்டு விட்டு, முதலில் அவர் முழங்கையில் தடவிப் பார்த்து, மறுநாள் தலையில் தேய்த்துவிட்டாள். தேய்ப்பது சுமார்தான், பாதியில் கை வலிக்கிறது என்று நிறுத்திவிடுவாள். பிறகு அவர் அவள் காலைப் பிடித்துவிடுவார். முன்னால் ஒரு முடிகூட முளைக்கவில்லை. காதோரத்து நீள முடியை மாஸ்டர் வெட்டிவிட்டார்.

சகலைக்குத் தலை பழையபடி நிறைந்துவிட்டது. போன ஞாயிறு வந்தபோது சட்டைப் பையிலிருந்து சீப்பு எடுத்து வாசல் கண்ணாடியில் வாரிக்கொண்டார். மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அதைக் கவனித்த அவர் மனைவி அவர் அருகில் வந்து, "பார்த்தது போதும், சாப்பிட வாங்க" என்றாள்.