மூக்குத்தி போட்ட காபரேற்றர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே தாலிப் பவுண் அணிந்த மோட்டார்சைக்கிள் தன்னுடையது ஒன்றுதான் என்று மாப்பிள்ளை தில்லைநாதன் சொன்னபோது கல்யாணப் பந்தலே குலுங்கிச் சிரித்தது. வட்டுக்கோட்டைச் சங்கக்கடை மனேச்சரான மாப்பிள்ளை பொய் சொல்லமாட்டார், தலைப்பாகைக்குள் மூளை கொஞ்சம் வெந்துவிட்டது என்று எல்லாரும் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள். விடாதவன் ஒருவன்தான். பெண்ணின் தமையன் செல்வநாயகம்.

அவனுக்கும் அந்த வண்டிக்கும் பெண் பார்த்த நாளிலிருந்தே பகை. உலகச் சண்டைக்காலத்து இங்கிலீசு வண்டி அது. நின்றால் காபரேற்றரிலிருந்து பெற்றோல் சொட்டும், ஓடினால் ஒழுகும். அது நின்ற இடத்தில் அடுத்த மாரிக்கும் புல் முளைக்காது. தெல்லிப்பழையில் அதை நிறுத்தினால் உடுவிலில் சுருட்டுப் பற்றவைக்கிறவர்கள் ஒருதரம் யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்டதைத் தில்லைநாதன் அன்று கொண்டுபோய், செல்வநாயகம் வீட்டில் தணல் கனன்றுகொண்டிருந்த புகையிலைக்குப் புகைபோடும் குடிலோடு சாத்திவிட்டான். செல்வநாயகம் தண்ணீர் வாளியோடு பாய்ந்து வந்தான்.

“எங்கடை தங்கச்சியைத் தாறம். உந்தச் சனியனை வித்துப்போட்டு வாங்கோ.”

“ஒழுக்கு நிண்டால்?”

“நிண்டால் கொண்டுவாங்கோ. கலியாணத்தண்டு என்ரை வெள்ளை வேட்டியை அடியிலை விரிப்பன். பெற்றோல் வாற திருகை மூடவும் விடமாட்டன். ஒரு சொட்டுப் பெற்றோல் விழுந்தாலும் அண்டைக்கே வித்துப்போடவேணும்.”

தில்லைநாதன் தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் யோசித்தான். பெண்டாட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவதாக அவன் எத்தனையோ கனவு கண்டிருந்தான். அத்தனை கனவிலும் வண்டி இருந்தது.

அன்றிலிருந்து காபரேற்றரே கதி. பெற்றோல் குழாயை மாற்றினான், சொட்டியது. பெற்றோல் ராங்கியின் அடியிலிருந்த தக்கையை வெந்நீரில் ஊறவைத்துப் பூட்டினான், சொட்டியது. பெற்றோலை மறிக்கும் ஊசியைக் கழற்றி, அது போய் உட்காரும் துவாரத்திலிருந்த செம்மண்ணைக் கோழியிறகால் துடைத்தான். முன்னிலும் உற்சாகமாகச் சொட்டியது. கடைசியாக, கிண்ணத்துக்குள் மிதந்தபடி அந்த ஊசியைத் தள்ளி மூடவேண்டிய பித்தளை மிதவையை எடுத்துக் காதடியில் ஆட்டிப் பார்த்தான். களக், களக். மிதக்க வேண்டியவர் பெற்றோலைக் குடித்துவிட்டு அடியில் படுத்திருக்கிறார்!

வெளிநாட்டுச் சாமான் வராத எழுபத்துமூன்றாம் ஆண்டு. புதிது வாங்க வழியில்லை. ஓட்டை எங்கே என்று தெரியாமல் மிதவையின் உடம்பெல்லாம் ஈயம் பூசினான். அது அம்மிக்குழவியாகி நேரே அடிக்குப் போனது. பூசியதையெல்லாம் சுரண்டி முடிப்பதற்குள் பொன்னுருக்கல் வந்துவிட்டது. பொன் உருக்கினால் மாப்பிள்ளை வீட்டுப் படலை தாண்டக்கூடாது. இனி வண்டி திருத்தும் கராச்சுக்கும் போக வழியில்லை.

பொன்னுருக்கலுக்கு வந்த பெண்வீட்டார் உள்ளே பலகாரத்தில் மும்முரமாக இருந்தார்கள். செல்வநாயகம் மூன்றாவது தட்டு முறுக்கில் இருந்தான். தாலிக்குப் பவுண் உருக்கி முடித்த பஞ்சலிங்கப் பத்தரைத் தில்லைநாதன் மெல்லக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

மிதவையை மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்த பத்தர் பின்வாங்கினார். “தம்பி, நான் நெருப்போடை சீவிக்கிறவன். என்னை எரிச்சுப்போட்டோ தாலி கட்டப்போறாய்?”

ஆனாலும் வெந்நீர்ச் சட்டிக்குள் அதை அமுக்கினார். ஓரிடத்திலிருந்து முத்துமுத்தாய்க் குமிழி கிளம்பியது.

“உதிலைதான் கள்ளன் இருக்கிறான்.”

உள்ளே இருந்த பெற்றோல் ஆவியாய்ப் போகும்வரை கொதிநீரை மாற்றி மாற்றி ஊற்றினார்கள். பிறகு பத்தர் உருக்கிய பவுணில் எள்ளளவு கிள்ளி, மயிர்போல் இழுத்து, ஓட்டையில் செருகித் தட்டி மழுக்கினார். ஓரம் கசியாமல் ஒரு பொட்டு அரக்கு.

“அரக்கைப் பெற்றோல் தின்னாது. பாரமும் இல்லை. தாலி எள்ளளவு மெலிஞ்சதெண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.”

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கார் பின்னால் வெறுமையாக வந்தது. முன்னால் தலைப்பாகையும் தானுமாகத் தில்லைநாதன் மோட்டார்சைக்கிளில் வந்தான். தோழன் பின்னாலிருந்து குடை பிடித்தான். தலைப்பாகை பறக்கக்கூடாதென்று ஊர்ந்ததில் ஒரு மாட்டுவண்டி மணியடித்து முந்திக்கொண்டு போனது. செல்வநாயகம் சொன்னபடியே வேட்டியை விரித்தான். தாலி ஏறும்போது ஊரெல்லாம் அட்சதை தூவியது. அவன் மட்டும் குந்தியிருந்து வேட்டியைப் பார்த்தான்.

கெட்டிமேளம் ஓய்ந்ததும் அவன் கத்தினான். “சொட்டு விழுந்திட்டுது!”

தில்லைநாதன் மணவறையை விட்டு ஓடினான். பிடித்த கையை விடக்கூடாதே என்று புதுப்பெண் ஞானாம்பிகையும் கூடவே இழுபட்டாள். வேட்டியின் நடுவில் கறுப்பாய் ஒரு பொட்டு.

“மணந்து பாருங்கோ மச்சான்.” என்றான் தில்லைநாதன்.

செல்வநாயகம் பட்டுவேட்டியோடு நிலத்தில் படுத்து மணந்தான். முகம் தொங்கியது. “இது... என்ஜின் ஒயில்.”

“அண்ணை, நீங்கள் பெற்றோல் எண்டுதானே சொன்னனீங்கள்?” என்றாள் ஞானாம்பிகை. “வயசுபோனால் ஒயில் ஒழுகும்தானே. அதுக்கென்ன?”

அந்தக் களிப்பில்தான் தில்லைநாதன் தாலிப் பவுண் கதையை அவிழ்த்துவிட்டான். பந்தல் சிரித்ததும் அதற்குத்தான்.

“புளுகு!” என்றான் செல்வநாயகம். “நானும் பொன்னுருக்கலுக்கு வந்தனான். கழட்டுங்கோ பாப்பம்!”

தில்லைநாதன் கழற்றவில்லை. திருப்புளியை மச்சான் கையிலேயே கொடுத்தான். செல்வநாயகம் பெற்றோல் திருகை மூடி, காபரேற்றர்க் கிண்ணத்தின் மூடியைக் கழற்றிக் குனிந்தான். தெளிந்த பெற்றோலில் மிதவை வாத்துக்குஞ்சு போல ஒய்யாரமாக மிதந்தது. அதன் கன்னத்தில், அரக்குக்கு உள்ளே, சின்னதாய் ஒரு மூக்குத்தி மின்னியது. தங்கச்சியின் தாலியைப் பார்த்தான். மிதவையைப் பார்த்தான். இன்னும் ஒருமுறை தாலியைப் பார்த்தான்.

“ஓம்,” என்றான் கடைசியில். “பவுண்தான். ரெண்டுபேருக்கும் ஒரே பவுண்.”