தூக்கிய கை

"ஏப்ரல் 9, செவ்வாய். இன்று சபையில் ஒரு சின்னப் பிழை செய்தேன். கேள்வி கேட்கக் கை தூக்கினேன்."

நாட்குறிப்பில் எழுதியதைப் படித்துப் பார்த்து, 'சின்ன' என்பதை அடித்தாள். அடித்தது சரியா என்றும் சந்தேகம் வந்தது. தையல் கடையில் ஒரு துணியை இரண்டு முறை அளந்த பிறகும் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவள் அவள். அதனால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் 'இஞ்ச்டேப்'.

ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. ஊர்ச் சபையில் கீழ்த்தெருவுக்கான உறுப்பினர் ஊரை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. மாலை வகுப்பில் படிக்கிறாளே என்று இவளைப் பிடித்துப் போட்டார்கள். போட்டி இல்லை, வெற்றி.

இன்று காலைதான் அவளுக்கு முதல் கூட்டம். கோடை முடியும் வரை கீழ்த்தெருக் குழாயை மூடி, தண்ணீர் முழுவதையும் மேல்தெருவுக்குத் திருப்ப வேண்டும் என்றார் தலைவர். அவர் மாவு மில்காரர், மேல்தெருக்காரர். "அப்ப எங்க தெரு?" என்று கேட்க வேண்டும். வகுப்பில் கை தூக்காமல் வாய் திறந்தால் வாத்தியார் முறைப்பார். பழக்கம், கை தானாக மேலே போனது.

"மூணு பேர் ஆதரவு, ரெண்டு பேர் இல்ல. தீர்மானம் நிறைவேறுச்சு" என்றார் மில்காரர். அவர் கை, சைக்கிள் கடைக்காரர் கை, மூன்றாவதாக இவள் கை. "ஐயா, நான் கேள்வி கேக்கத்தான்..." என்று அவள் எழுந்தபோது கூட்டம் முடிந்ததென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். மீதி வேலைக்கு நாளை கூட்டம். அதற்கு மறுநாள் வால்வை மூடுவார்கள். அதன் பிறகு கீழ்த்தெருவுக்குக் கல்குவாரிக் குட்டைதான்.

வீட்டில் அக்கா இரட்டைப் பிள்ளைகளின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பிறந்து மாதம்கூட ஆகவில்லை.

"வாங்க மெம்பரம்மா. குட்டைக்கு எந்த இடுப்புல குடம், எந்த இடுப்புல பிள்ளைன்னும் ஒரு தீர்மானம் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"அக்கா, நான் வேணும்னு செய்யல."

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டையாவது போடுவேன்டீ. இதுக்கு என்னத்தப் போட?"

அந்தக் குரலில் கோபம் இல்லாததுதான் அவளை வெளியே துரத்தியது. வகுப்புக்குப் போகவில்லை. நேரே சபை எழுத்தரிடம் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "முடிஞ்ச தீர்மானத்தைத் திரும்ப எடுக்கலாம்மா. ஆனா எதிர்த்தவங்க கேக்க முடியாது. ஆதரிச்சவங்கள்ல ரெண்டு பேர் கேக்கணும்."

அப்படியானால் தவறாகத் தூக்கிய கை இருப்பதால்தான் அவளால் கேட்கவே முடியும். இன்னொருவர் வேண்டும். மில்காரர் வரமாட்டார். மிச்சம் சைக்கிள் கடைக்காரர்.

அவர் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"உன் தெருவுக்கு நீயே குழி வெட்டிட்டு, மண்ணள்ள என்னைக் கூப்பிடுறியா?"

"அண்ணே, இந்தத் தொட்டித் தண்ணியும் எங்க தெருக் குழாய்லதானே வருது?"

"மில்லுலருந்து அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு."

அவள் அழக்கூடாது என்று தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "தினமும் அனுப்புவாரா? நீங்க அடுத்த தடவை கை தூக்கலேன்னாலும் அனுப்புவாரா?"

அவர் சிரிப்பு நின்றது. டியூபை மறுபடி அமுக்கினார். அங்கே ஓட்டை இல்லை.

"அவருக்கு எதிரா முதல்ல நான் எந்திரிக்க மாட்டேன். நீ எந்திரி. தெரியாம தூக்கிட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. மில்காரர் கிழிப்பாரு, மேல்தெரு சிரிக்கும். அதுக்கப்புறமும் நீ நின்னேன்னா, பாப்போம்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம்."

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாளி, அண்டா, உரல்குழி வரைக்கும் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். இவளும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு நாட்குறிப்பைத் திறந்தாள். 'சைக்கிள் கடை அண்ணன் எழுந்திருப்பார்' என்று எழுதினாள். அதற்கு ஆதாரம் இல்லை. அடித்தாள். அதன் கீழே எழுதினாள்:

"நாளை: கூட்டம் தொடங்கியதும் எழுந்து நிற்க வேண்டும். தெரியாமல் கை தூக்கினேன் என்று சொல்ல வேண்டும். யாரும் கூட எழாவிட்டாலும் உட்காரக் கூடாது."