இன்னொரு தடவை

வேலையிடத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பத்து காவான் என்ற ஊரில் நடாஷா வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு அறைகள்.

"அம்மா, நீங்களும் என்கூட வந்துடுறீங்களா?" என்று கேட்டாள்.

ரீத்தாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் இந்தப் பாழாய்ப்போன வாய் இருக்கிறதே! "எனக்கு எதுக்குடி? நீ போய் சொகமா இரு" என்றது.

தூத்துக்குடிப் பழக்கம். அவள் பிறந்த வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பார்கள். கேட்டவர் விடமாட்டார். பிறகுதான் டம்ளர் கைக்கு வரும். கேட்ட உடனே தலையாட்டினால் பறக்காவெட்டி என்று பெயர். கல்யாணமாகி, கடல் கடந்து பினாங்கின் ஜார்ஜ் டவுனுக்கு வந்தும் அது அவளை விட்டுப் போகவில்லை. பினாங்கிலேயே பிறந்த கணவர் செபாஸ்டியன் அதைப் புரிந்துகொண்டு, "சரி, ரெண்டாவது தடவ கேக்குறேன் லா, இப்பச் சொல்லு" என்று அந்த ஊர் 'லா' போட்டுக் கிண்டல் செய்வார். அவர் காலமான பிறகு அப்படிக் கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

மகள் இந்த ஊரில் வளர்ந்தவள். அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "ஓகே மா" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

ரீத்தா காத்திருந்தாள். சாப்பிடும்போது கேட்பாள், ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கேட்பாள் என்று. மகளுக்குத் தெரியாமல் நல்ல சேலைகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கூட வைத்தாள். வெட்கங்கெட்ட ஆசை.

சனிக்கிழமை காரில் சாமான் ஏற்றும்போது நடாஷா சொன்னாள்: "இன்னொரு ரூம காமினிக்குக் குடுத்துட்டேன் மா. ஆபீஸ் ஃப்ரெண்டு."

"அவளுக்கா?"

"நீங்கதான் வரலன்னு சொல்லிட்டீங்களே. உங்கள ஃபோர்ஸ் பண்ணக் கூடாதுல்ல?"

மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் ரீத்தாவுக்கு வலித்தது. நானும் வருகிறேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக மீன் குழம்புத் தூக்குச்சட்டியை எடுத்து நீட்டினாள்.

"வேணாம்மா. காமினி சமைப்பா."

"ராத்திரிக்கு ஆகும், கொண்டு போ."

"ஐயோ, வேணாம்மா."

"என் கையால வச்சதுடி. கொண்டு போ."

நடாஷா சிரித்துக்கொண்டே வாங்கினாள். "நீங்க விடவே மாட்டீங்க லா!" குழம்பு சிந்திவிடக் கூடாதென்று அதை முன் சீட்டில், தன் பக்கத்தில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

கார் தெருமுனையில் திரும்பியது. விடாமல் சொன்னதால் குழம்பு பத்து காவான் போய்விட்டது. ரீத்தா உள்ளே வந்து, பெட்டியைத் திறந்து, சேலைகளை ஒவ்வொன்றாக பீரோவில் திருப்பி வைத்தாள்.