நாற்பது எழுத்து அகலம்

1

இந்தக் கதை ஒரு வரியிலிருந்து பிறந்தது. தமிழ் வரி இல்லை. பேசிக் என்கிற பழைய கணினி மொழியில் WIDTH 80 என்று ஒரு கட்டளை. திரையில் வரிக்கு எண்பது எழுத்து என்று அர்த்தம். அதை 40 ஆக்கினால் பாதி எழுத்துதான் கொள்ளும், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு அகலமாகத் தெரியும். கணினிப் பாடம் இவ்வளவுதான். பயப்படாமல் வாருங்கள்.

2

"திம்புள்ள மலைகளைப் பனிமூட்டம் போர்த்தியிருந்த ஒரு காலையில்..."

[வெட்டிவிட்டேன். மலையகக் கதை என்றாலே பனிமூட்டமா? இந்தக் கதை நடக்கும் டிரையர் அறையில் வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டும்.]

"தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் நிலக்ஷி..."

[இதுவும் சரிவரவில்லை. நிலக்ஷி என்று யாருமில்லை. அது நான், கிருஷாந்தி. நான் செய்ததை இன்னொருத்தி பெயரில் எழுத மனசு வரவில்லை. தற்பெருமை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.]

3

அழகுமுத்து மாமா இருபத்தாறு வருடமாக டிரையரில் தேயிலை காய வைப்பவர். டிரையரின் சூட்டை அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் கணினி காட்டும். [புதிது வரும் என்று ஆறு வருடமாகச் சொல்கிறார்கள்.] மேல் வரியில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பெயரும் பட்டங்களும் ஓடி முடிந்து, வலது கோடியில் சூட்டின் எண். டிரையர் பக்கத்தில் நின்றபடியே அதை வாசித்துத்தான் மாமா சூட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

போன மாதம் இரண்டு தடவை தேயிலை கருகியது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அழகுமுத்துக்குக் கண்ணு போச்சு. இன்னொரு தடவ கருகினா மலைக்குப் புல்லு வெட்டப் போக வேண்டியதுதான்."

மாமா டிரையர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு என்னிடம் மட்டும், "நெசமாவே போச்சு போல புள்ள. எட்டா மூணான்னு தெரிய மாட்டேங்குது" என்றார்.

நான் போய் அவர் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தேன். எனக்கு வயது இருபத்து நான்கு, கண்ணில் ஒரு குறையும் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

"மாமா, ஒங்க கண்ணுல ஒண்ணுமில்ல. எழுத்துதான் சின்னது."

அவர் முகத்தை விவரிக்க மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்தேன். சிரித்தார். போதும்.

4

பழைய கையேட்டை மூன்று நாள் படித்து, 80ஐ 40 ஆக்கினேன். உடனே கணினி பிழை காட்டி நின்றுபோனது. சூட்டின் எண்ணை அறுபத்தெட்டாம் இடத்தில் எழுதும்படி பழைய நிரலில் சொல்லியிருந்தார்கள். நாற்பதே இடமுள்ள வரியில் அது எங்கே போகும்? துரையின் பட்டங்களை எடுத்துவிட்டு எண்ணை அங்கே வைத்தேன்.

[அடுத்த வரியில் வைத்திருக்கலாமே என்பீர்கள். கீழ் வரிகளைக் காற்றுக்குழாய் மறைக்கும். நின்று பார்த்தவள் சொல்கிறேன்.]

அதன்பிறகு ஒரு பிடி தூள்கூடக் கருகவில்லை. மாமா நின்ற இடத்திலிருந்தே "தொண்ணூத்தெட்டு!" என்று தொழிற்சாலை முழுக்கக் கேட்கக் கத்துவார். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

5

இன்று காலை டீமேக்கர் ஐயா திரையைப் பார்த்தார்.

"தொர பேரு எங்க? நாளைக்கு அவரு வாராரு. யாரு இதுல கை வச்சது?"

மாமா முந்திக்கொண்டார். "நான்தாங்க மாத்தச் சொன்னேன்."

அவர் என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை.

[முடிவு ஒன்று: துரை வந்து என்னைப் பாராட்டுகிறார். எனக்கே சிரிப்பு வருகிறது. முடிவு இரண்டு: மாமா புல் வெட்டப் போகிறார். அதை என் கை எழுதாது.]

"மாமா சொல்லலங்க ஐயா. நானா மாத்தினேன்" என்றேன். "பழையபடி ஆக்கித் தாறேன். ஆனா நீங்க ஒரு தடவ மாமா நிக்கிற எடத்துல நின்னு, எண்ண வாசிச்சுச் சொல்லுங்க."

துரையின் பட்டங்களைத் திருப்பி வைத்தேன். 40ஐ 80 ஆக்கினேன். ஐயா கோபத்தோடு டிரையர் பக்கம் போனார். மாமா ஒதுங்கி இடம் விட்டார்.

எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். அங்கே இன்னும் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. நீங்களும் வந்து ஐயா பக்கத்தில் நில்லுங்கள். அவசரமில்லை, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்: எட்டா, மூன்றா?