என் சமையல்மேல் விழுந்த பழி

நேபாளத்தின் போக்ராவிலிருந்து மலையேறி வந்து என் விடுதியில் தங்கிய ஆறு வெள்ளைக்காரர்களில் நான்கு பேர், விடியும் முன்பே கழிப்பறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். அவர்களைக் கூட்டி வந்த வழிகாட்டி தேக் பகதூர், தீதி என்று அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே, அத்தனை பேர் முன்னாலும் என் மானத்தை வாங்கினான்.

"எல்லாத்துக்கும் உங்க சமையல்கட்டுதான் காரணம் தீதி. இனிமே ஒரு ஆளைக்கூட இங்க கூட்டிட்டு வரமாட்டேன். எதிர்ல பூர்ணகலா தீதி வீட்டுக்குத்தான்."

பூர்ணகலா! எதிர் விடுதிக்காரி, என் ஜென்மப் பகை. தேக் போனால் மற்ற வழிகாட்டிகளும் போவார்கள், நான் விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கண்ணை நல்லாத் திறந்து பாருடா!" என்று கத்திவிட்டு, முந்தின இரவு அவர்கள் மிச்சம் வைத்த மோமோக் கொழுக்கட்டைகளைத் தட்டோடு எடுத்து வந்தேன். எங்கள் பக்கம் அடுத்தவர் எச்சிலை யாரும் தொடமாட்டார்கள். அன்று ரோஷத்தில் அத்தனையையும் தின்று தீர்த்தேன். "எனக்கு ஏதாவது ஆகுதான்னு உட்கார்ந்து பாரு!"

ஒன்றும் ஆகவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் நிர்ஜலா அவர்களுக்கு மருந்தோடு வந்தாள். நான் தின்று காட்டியதைக் கேட்டுச் சிரித்தாள்.

"ஈ.கோலை, கேம்பிலோபாக்டர்னு கிருமிங்க இருக்கு தீதி. சின்ன வயசுலேர்ந்து தின்னுத் தின்னு நமக்குப் பழகிப்போச்சு. அவங்க வயிறு புதுசு. நீங்க எத்தனை தட்டு தின்னாலும் அது சாட்சி இல்ல."

"தண்ணியக் கொதிக்க வைக்கிறேன். தட்டை வெந்நீர்லதான் கழுவறேன். இதுக்கு மேல என்ன செய்யணுமாம்?"

அவள் என் இடுப்பைக் காட்டினாள். அங்கே தொங்கும் ஈரத்துணியில்தான் கோழி வெட்டிய கையைத் துடைப்பேன். கழுவிய தட்டையும் அதிலேதான் துடைப்பேன்.

"தட்டைத் துடைக்காதீங்க. அப்படியே காய விடுங்க."

வந்த ஆத்திரத்துக்கு அவளைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். ஆனால் அவள் சொன்னது சரி. அவள் போனதும் துணியை அடுப்பில் போட்டேன்.

பத்து நாள் கழித்து தேக் எட்டுப் பேரோடு வந்தான். என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிர்வீட்டுக்குள் அவர்களை அனுப்பினான். பூர்ணகலா வாசலிலேயே நின்று, இடுப்பில் தொங்கிய ஈரத்துணியால் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன தீதி, நர்ஸெல்லாம் வந்தாளாமே? உங்க சமையலைப் பத்தி என்ன சொன்னா?" என்று தெருவே கேட்கக் கூவினாள்.

தேக் பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குக் குளிரு ஒத்துக்கலையாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.