கீழத்தெரு ஏன் சிவப்பு

தஞ்சாவூரில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸில் எனக்கு வேலை. வீடு தேடி மருந்து கொண்டுபோகும் ஒரு கம்பெனியின் தெரு வரைபடத்தைச் சரிபார்ப்பேன். பச்சை என்றால் மருந்து வீட்டுக்கு வரும். சிவப்பு என்றால் வராது.

பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கீழத்தெரு சிவப்பாக இருந்தது. அங்கேதான் சர்க்கரை நோயோடு என் அப்பா இராஜாங்கம் இருக்கிறார். பஸ் ஏறிப் போய், சித்திரை வெயிலில் இன்சுலினை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வருகிறார். போன மாதம் மருந்து கெட்டு, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

சிவப்புக்குக் காரணம் தேடினேன். பார்சல் கொண்டு வந்த சிலர், எங்கள் சாதிக்காரர் தெரு என்று தெரிந்ததும் ஊர் எல்லையிலேயே ஆர்டரை ரத்து செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட, தெருவுக்கு நிறம் போடும் மெஷின், மாவட்டத்தில் கீழத்தெரு என்று பெயருள்ள நூற்றுப் பதினாலு தெருவையும் சிவப்பாக்கிவிட்டது. மெஷினுக்குச் சாதி தெரியாதாம். நல்ல கதைதான்.

டீம் லீடர் செந்தில்குமாரிடம் சொன்னேன்.

"இங்க பாருங்க செம்மொழி, அது சிஸ்டம் போட்டது. நமக்கெதுக்கு வம்பு?" என்றார்.

மறுவாரம் அவரே என் மேசைக்கு வந்தார். பூதலூர் பக்கம் அவர் அம்மாவுக்கும் பிரஷர் மாத்திரை வரவில்லை. அவர்கள் வீடும் ஒரு கீழத்தெருவில்தான்.

"எங்க தெரு கிழக்கால இருக்கறதால வந்த பேரு. அது வேற. அத மட்டும் பச்சையாக்கிடுங்க."

"எங்க தெருவும் ஊருக்குக் கிழக்கதான் சார் இருக்கு. என்ன வேற?"

அவர் சுற்றிலும் பார்த்தார்.

"மாத்தணும்னா காரணம் எழுதணும். நீங்க சொல்லுங்க சார், அப்படியே அடிக்கிறேன்" என்றேன்.

அவர் குனிந்து, என் திரையில் காரணம் எழுதும் காலிக் கட்டத்தைப் பார்த்தார்.

"மாத்துனா நூத்திப் பதினாலையும் மாத்துவோம். இல்லன்னா எங்கப்பா மாதிரி உங்கம்மாவும் பஸ் ஏறட்டும்" என்றேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கம்பெனிக்குக் கடிதம் அடித்தோம்: இந்தத் தெருக்கள் ஏன் சிவப்பு என்று எழுத்தில் தாருங்கள். கீழே இரண்டு பேரும் பெயர் போட்டோம்.

நான்காம் நாள் எல்லாத் தெருவும் பச்சையாகி வந்தது. ஏன் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வார்த்தை பதில் இல்லை.

"அதான் மாறிடுச்சே, விடுங்க" என்றார் செந்தில்குமார்.

அப்பாவுக்கு இன்சுலின் ஆர்டர் போட்டேன். பிறகு அதே கேள்வியைக் கம்பெனிக்குத் திரும்பவும் அனுப்பினேன்.