மூன்றாவதாக வாசித்தவர்

முதலாளிக்கு அந்தப் பட்டம் சொத்தினால் வந்ததல்ல. வாத்தியக் குழுவில் டிரம்பெட் வரிசையின் முதல் நாற்காலி அவருடையது. அதை ஆள்கிறவர் முதலாளி என்று யாரோ கிண்டலுக்குச் சொல்லப்போய், பெயர் பசைபோட்டு ஒட்டிக்கொண்டது. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு அது தேன்.

பித்தளை வாத்தியக்காரர்களுக்கு மேடைக்கு அடியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. வால்வு எண்ணெய் வாடையும், தரையில் விரித்த பழைய துண்டுகளும், கொதிக்கிறேன் பேர்வழி என்று சத்தம் மட்டும் போடும் ஒரு கெட்டிலும்தான் அதன் அலங்காரம். துண்டு எதற்கென்றால், ஊதுகிறவர்கள் குழாயில் சேரும் நீரை எங்காவது கொட்டியாக வேண்டும். வயலின்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்.

அங்கே இடைவேளைதோறும் ஒரே வழக்குதான் நடக்கும். டிரம்பெட்டில் யார் பெரியவர்? சிங்கமா, பட்டா? இந்தப் பட்டப்பெயர்க்காரர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. சிங்கம் ஊதினால் அரங்கத்தின் கதவு அதிரும் என்பார்கள். பட்டு ஊதினால் எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்பதே தெரியாதாம். வழக்கு மட்டும் சாகாமல் இருந்தது.

"சிங்கம் ஊதினா கடைசி வரிசையில தூங்கறவன் எந்திரிச்சு உக்காருவான்," என்பாள் டிராம்போன் வாசிக்கும் அம்மாள். அவளுக்கு இழுவை என்று பெயர். குழாயை இழுப்பதால் வந்ததா, பேச்சை இழுப்பதால் வந்ததா என்று அவளுக்கே தெரியாது.

"எழுப்பி விடறதுக்கு அலாரம் போதுமேக்கா. பட்டு ஊதினா தூங்கவே மனசு வராது," என்பான் மச்சான்.

மச்சான் என்றால் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. இரண்டாவது நாற்காலி. அவனைக் குழுவில் சேர்த்துவிட்டதே முதலாளிதான். அதனால்தான் அவன் பட்டுக்குப் பரிந்து பேசும்போது அவருக்குச் சுருக்கென்றது. அவர் சிங்கத்தின் கட்சி. சிங்கத்தைக் குறைத்தால் தன்னைக் குறைத்த மாதிரி.

முன்பெல்லாம் அது வெறும் சுருக்குதான். போன மாதக் கச்சேரியில் ஒரு மேல் சுரம் அவர் உதட்டில் உடைந்தது. சபையே கேட்டது. அதற்குப் பிறகு யார் இருமினாலும் தன்னைப் பார்த்துத்தான் இருமுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. அடுத்த ஆண்டுக்கு யார் எந்த நாற்காலி என்பதைக் கண்டக்டர் இந்த வார முடிவில் சொல்லப்போகிறார். (கண்டக்டர் என்றதும் விசிலும் டிக்கெட்டும் நினைவுக்கு வரக்கூடாது, இவர் கையில் குச்சிதான். ஆனால் இறக்கிவிடும் அதிகாரம் இவருக்கும் உண்டு.) நாற்காலி போய்விட்டால் முதலாளி யார்? அந்தக் கேள்வியை அவர் தனக்குள்கூடக் கேட்டுக்கொள்ளப் பயந்தார்.

மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மச்சானும் ஒலிப்பதிவு செய்யும் பெண்ணும் படிக்கட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். பல் வலி என்று மச்சான் விடுப்பு எடுத்தான். எந்தப் பல்லோ! வேறு குழுவுக்குத் திருட்டுத்தனமாக வாசித்துக் காட்டப் போயிருப்பான் என்று முதலாளி தீர்ப்பே எழுதிவிட்டார்.

போதாக்குறைக்கு, மச்சானின் விரல்கள் வேறு. வாசிக்கப்போகும் ஒவ்வொரு தடவையும், மூச்சை இழுப்பதற்கு முன்னால், பக்கத்திலிருந்து டக் டக் டக் என்று வால்வுகள் மூன்றையும் அழுத்திப் பார்க்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் முதலாளி கடித்துத் துப்பினார்.

"என்னடா அது, குதிரை ஓட்டறியா? பக்கத்துல மனுஷன் வாசிக்கறதா வேணாமா?"

மச்சான் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "சரி அத்தான், விட்டுடறேன்," என்று மட்டும் சொன்னான். ஆனால் மறுநாளும் டக் டக் டக். வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவுகட்டினார் முதலாளி.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு மத்தியானம் அவர் உள்ளே நுழையும்போது மச்சான் வெளியேறிக்கொண்டிருந்தான். கையில் ஒரு துணிப்பை. அலமாரியின் மேல் தட்டு திறந்து கிடந்தது.

"என்ன கொண்டு போறான் உன் தம்பி?"

"பழைய துணி," என்றாள் மனைவி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்திருந்தது.

வீட்டுக்குள்ளேயே சதியா! அன்று முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை.

வார முடிவுக்கு முதல் நாள் மத்தியானம், வழக்கு வழக்கம்போல் சூடு பிடித்தது. சிங்கமா, பட்டா என்று இழுவை இழுத்துக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவுப் பெண் ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பேர் தெரிஞ்சா ஆளுக்கொரு கட்சி. பேர் சொல்லாம மூணு பேரைப் போடறேன். அதே தனிவாசிப்பு. கேட்டுட்டு யார் பெரியவர்னு சொல்லுங்க."

அதே தனிவாசிப்பு என்றால் குழுவில் எல்லோருக்கும் தெரியும். மெதுவாகத் தொடங்கி, மேலே ஏறி, ஏறின இடத்திலேயே நின்று, ஒன்றுமில்லாமல் கரைய வேண்டிய ஒரு பகுதி. துணைக்கு எந்த வாத்தியமும் கிடையாது. முதலாளியின் உதட்டில் சுரம் உடைந்ததும் அங்கேதான்.

இது போதாதென்று கண்டக்டர் வந்தார். அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. ஈரத் துண்டை மிதிக்காமல் தாண்டி, மூலையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். "நானும் கேக்கறேனே," என்றார்.

முதலாளிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றில் ஒன்று மச்சானுடையது. பெரியவர்களுக்கு நடுவே அவனை நுழைத்துவிட்டு, எல்லோரையும் ஆஹா ஓஹோ என்று சொல்லவைத்து, நாளைக்கு நாற்காலியைத் தூக்கப்போகிறார்கள். துணிப்பைக்குள் இருந்தது அதுதான். 'வாங்கடா, எங்கிட்டயா' என்று மனத்துக்குள் மீசையை முறுக்கினார்.

முதல் பதிவு தொடங்கி இரண்டு மூச்சு ஆவதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிங்கத்தை மறைக்க முடியுமா? இரண்டாவது பட்டு. ஸ்பீக்கர் சின்னதாக இருந்தாலும் அந்த வழவழப்புக் குறையவில்லை.

மூன்றாவது, வாசிப்பில் தொடங்கவில்லை. டக் டக் டக். பிறகு ஒரு மூச்சு. பிறகுதான் சுரம்.

மாட்டினான். முதலாளி மச்சானைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாசிப்பில் சிங்கத்தின் முழக்கமும் இல்லை, பட்டின் பளபளப்பும் இல்லை. யாரோ ஒருவர் நம்மிடம் மட்டும் ஒன்றைச் சொல்வதுபோல் இருந்தது. மேலே ஏறும்போது கெட்டில்கூடச் சத்தத்தை நிறுத்தியது. இழுவை கண்ணைத் துடைத்துக்கொண்டதை முதலாளி பார்த்தார். அவருடைய நெஞ்சுக்குள்ளும் ஏதோ அசையத்தான் செய்தது. அதை அங்கேயே மிதித்து அணைத்தார். சுரம் கரைந்ததும் அந்தப் பெண் நிறுத்திவிட்டாள்.

"இவர்தான்," என்றாள் இழுவை. முதல் தடவையாக ஒரே வார்த்தையில் பேச்சை முடித்தாள்.

"எது? இதுவா?" முதலாளி எழுந்தே விட்டார். "காது இருக்கா உங்களுக்கெல்லாம்? ஏறும்போது பயம் தெரியலை? ரெண்டாவது மூச்சு எங்க எடுக்கறான் பாருங்க, பிச்சைக்காரன் மாதிரி! சிங்கம் பக்கத்துல, பட்டு பக்கத்துல இவனா? புலியைப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைதான்."

"அத்தான், போதும், விடுங்க," என்றான் மச்சான்.

"ஏன், சுடுதா?"

கண்டக்டர் தணிந்த குரலில் கேட்டார். "அப்போ இவரை ஒரு குழுவுல முதல் நாற்காலியில உக்கார வைக்கலாமா?"

"என்னைக் கேட்டா, கடைசி நாற்காலிகூடக் கூடாது சார். உதட்டைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும்."

சொல்லி முடித்ததும் அவருக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு பரவியது. ஆனால் முழுசாக முடித்துவிட வேண்டும், மறுக்க இடம் வைக்கக் கூடாது. "ஏம்மா, எங்க வெட்டறே? தனிவாசிப்புக்கப்புறம் ஒரு மௌனம் உண்டு. அப்புறம் ரெண்டாவது டிரம்பெட் நுழையும். அந்த ரெண்டாவது யாருன்னு கேட்டா, முதல்ல வாசிச்சது யாரு, எந்தக் குழுவுல வாசிச்சான்னு நான் சொல்லிடறேன். போடு."

"வேணாம்," என்றான் மச்சான் அவசரமாக. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"போடும்மா!"

அவள் கண்டக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் போட்டாள்.

மௌனம். அரங்கத்தின் மௌனம், ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்ட மௌனம். அதற்கு நடுவே, கணீரென்று ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"அப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலின் கதை அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும். குழந்தைகளோடு வருகிறவர்கள் கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று அரங்கத்தில் விதி வந்ததே அந்த ஒரு கூவலால்தான். கூவியவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வாரம் தவறாமல் முதலாளிக்குப் போன் செய்கிறாள்.

முதலாளியின் கை காற்றில் எதையோ பிடிக்கப்போய்ச் சும்மா நின்றது.

அவர் தன் வாசிப்பைக் கேட்டதே இல்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் தடுக்கி விழுவோம் என்பது அவர் கொள்கை. வீட்டில் ஒரு கேசட் வைத்துக்கொள்ளக்கூட விட்டதில்லை. டிரம்பெட்டின் வாய் சபையைப் பார்த்திருக்கிறது. ஊதுகிறவன் அதன் முதுகுப் பக்கம்தான் வாழ்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட சத்தத்தைத்தான் தன் சத்தம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தார். மனைவி மட்டும் அவருக்குத் தெரியாமல் ஒரு பிரதியை அலமாரியின் மேல் தட்டில் ஒளித்து வைத்திருந்தாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு வாரம் முன்னாடியே இவனைக் கூப்பிட்டு முதல் நாற்காலி உனக்குத்தான்னு சொன்னேன்," என்றார் கண்டக்டர். "வேணாம்னான். அத்தானை ஒரு சுரத்தை வெச்சு எடை போடாதீங்க, முதல்ல இதைக் கேளுங்கன்னான். பேர் சொல்லாம எல்லாரும் கேக்கட்டும்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் நல்லா இருக்குன்னா, நாற்காலி உங்ககிட்டயே இருக்கட்டும்னு நெனச்சேன்."

முதலாளி உட்கார்ந்தார். கண்டக்டர் எழுந்தார்.

"உங்க உதடு போயிடுச்சோன்னுதான் பயந்தேன் சார். உதட்டுக்கு மருந்து இருக்கு. போனது காது." ஈரத் துண்டைத் தாண்டி அவர் வெளியே போனார்.

அன்று வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் முகம் மலரக் கேட்டாள். "போட்டாங்களா? கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"நல்லா இருக்குன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் செருப்பைக் கழற்றுவதில் ரொம்ப நேரம் செலவழித்தார். அவமானத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தன்னைக் கேட்கக் கிடைத்தது. அதைக் கேட்காமல் வேவு பார்த்துவிட்டார்.

அடுத்த ஒத்திகையில் முதலாளி இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் நின்றுகொண்டே இருந்தான். "உக்காருடா," என்று இவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. கண்டக்டர் குச்சியைத் தூக்கினார். மச்சானின் தனிவாசிப்பு. முதலாளி, வாழ்க்கையில் முதல் தடவையாக, தாளைப் பார்க்காமல் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தார். அவன் மூச்சை இழுத்தான்; வாசித்தான். விரல்கள் தட்டவில்லை. இவர் திட்டிய அன்றே அவன் அதை விட்டுவிட்டிருந்தான். நன்றாகத்தான் வாசித்தான், அது முதலாளிக்குக் கேட்டது.

சுரம் கரைந்தது. மௌனம் வந்தது. இனி இரண்டாவது டிரம்பெட் நுழைய வேண்டும். முதலாளி வாத்தியத்தை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

டக் டக் டக்.

மச்சான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி குனிந்து தன் விரல்களைப் பார்த்தார். பார்த்ததில், நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்.